மின்சாரம் போய்த் திரும்பினாலும் கலையாத திரைகள்: பல மானிட்டர்களுக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவில்தான் வலுவாகப் பெய்யும். எங்கோ ஒரு சீகை மரமோ கற்பூர மரமோ கம்பியின் மேல் சாய்ந்தால் அரை நாள் இருட்டுதான். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகக் கணக்குகளைப் பார்த்துவரும் என் மேசையில் மூன்று மானிட்டர்கள் இருக்கின்றன. இடப்பக்கத்துத் திரையில் குன்னூர் ஏலத்தின் விலை விவரங்களும், நடுவில் கணக்கு மென்பொருளும், வலப்பக்கத்தில் பச்சைத் தேயிலை கொண்டுவரும் விவசாயிகளின் எடைக் கணக்கு எக்செல் கோப்பும் திறந்திருக்கும். மின்சாரம் இரண்டு நொடி போய்த் திரும்பினால், கணினி அணையாமல் இருந்தாலும், மூன்று திரைகளிலும் பரந்திருந்தவை எல்லாம் ஒரே திரையில் குவிந்துவிடும். பக்கத்து மேசையில் உதவிக்கு இருக்கும் பெண், “அண்ணா, கரண்ட் வந்துடுச்சு, ஆனா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கு” என்று சொல்லாத மழைக்கால வாரமே இல்லை என்று ஒரு காலம் இருந்தது.

பல திரைகளை நிர்வகிக்கும் மென்பொருள்களைத் தேடத் தொடங்கியவுடன் கண்ணில் படுபவை வண்ண வண்ணமான வசதிப் பட்டியல்கள்தான். ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறு வால்பேப்பர், திரை மங்கும் விதம், நூறு ஷார்ட்கட் விசைகள் என்று அவை நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியல்களை நம்பித் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். கட்டணம் செலுத்தி வாங்கிய அந்த மென்பொருளில் எனக்கு உண்மையில் பயன்பட்டவை இரண்டு வசதிகள், அவற்றில் ஒன்று விண்டோஸிலேயே ஏற்கெனவே இருந்தது. எனவே இந்த வழிகாட்டியில் வசதிகளிலிருந்து தொடங்காமல் தொந்தரவுகளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு தாளை மேசையில் வைத்துக்கொண்டு, திரைகள் சம்பந்தமாக எரிச்சல் வரும்போதெல்லாம் அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளில் ஐந்து வரிகளுக்கு மேல் இருக்காது என்பதே என் அனுபவம்; மென்பொருளைத் தேர்ந்தெடுக்க அந்த ஐந்து வரிகள் போதும்.

மென்பொருளுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

தாளில் எழுதியவற்றில் சில, மென்பொருளே இல்லாமல் தீர்ந்துவிடும். பல அலுவலகங்களில் கணினிப் பெட்டி மட்டும் யூபிஎஸ்ஸில் இருக்கும், மானிட்டர்கள் சுவரில் உள்ள சாதாரணப் பிளக்கில் செருகப்பட்டிருக்கும். மின்சாரம் போனால் கணினி உயிரோடிருக்கிறது, திரைகள் அணைகின்றன. திரைகளைக் காணோம் என்று நினைக்கும் விண்டோஸ், எல்லாச் சாளரங்களையும் எஞ்சியிருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இருபத்து நான்கு அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று ஏறத்தாழ 20 முதல் 25 வாட் மின்சாரமே எடுத்துக்கொள்ளும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரை தாங்கும் என்பதால், அளவான கணினியோடு இரண்டு மூன்று மானிட்டர்களையும் அதிலேயே செருகிவிடலாம். மின்சாரம் நின்றபின் கிடைக்கும் நிமிடங்கள் சற்றுக் குறையும். ஆனால் நொடிப் பொழுது விட்டு விட்டு வரும் மின்சாரத்தால் திரைகள் கலைவது நின்றுவிடும். என் மேசையில் பாதித் தொல்லை இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்தது.

அடுத்தது கேபிள். டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைத்த மானிட்டரை அதன் பொத்தானை அழுத்தி அணைத்தாலே, கேபிளைப் பிடுங்கிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்வது வழக்கம். எச்டிஎம்ஐ இணைப்பில் பெரும்பாலும் இவ்வாறு நேர்வதில்லை. ஒரே மானிட்டரில் இரண்டு வகைச் செருகுமிடங்களும் இருந்தால், மென்பொருள் வாங்குவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று மலைக்கே உரியது: இங்கே பனிமூட்டம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த ஈரத்தில் கேபிள் முனைகளின் உலோகம் மங்கிப்போய்த் தொடர்பு விட்டு விட்டு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திரை காரணமில்லாமல் கறுத்து மீண்டும் ஒளிர்ந்தால், முதலில் கணினியை அணைத்துவிட்டு கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, அழுத்திச் செருகுங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், ஒரு மானிட்டரை அந்தக் கார்டிலும் மற்றொன்றை மதர்போர்டிலும் செருகியிருக்கிறார்களா என்பதையும் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது; இயன்றவரை எல்லாமே கார்டில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் தருவதை முதலில் முழுமையாகப் பயன்படுத்துங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களை இணைக்கும் வசதி, வீட்டுக் கணினிகளுக்கான விண்டோஸில் 1998-இல், அதாவது விண்டோஸ் 98 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனாலும் நெடுங்காலம் அது அரைகுறையாகவே இருந்தது. இரண்டாம் திரையிலும் டாஸ்க்பார் தெரிய 2012-இல் வந்த விண்டோஸ் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனி மென்பொருள்கள் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தன. அன்று அவை அடைத்த ஓட்டைகளில் பலவற்றை விண்டோஸ் பின்னர் தானே அடைத்துவிட்டது என்பதைப் பழைய பரிந்துரைகளைப் படிக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இல், செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் டிஸ்ப்ளே, அதனுள் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போனால் சில தேர்வுப்பெட்டிகள் இருக்கும். மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது அவற்றில் ஒன்று. மானிட்டர் துண்டிக்கப்பட்டால் அதிலிருந்த சாளரங்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளச் சொல்வது மற்றொன்று. இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால், திரை போய்த் திரும்பும்போது பெரும்பாலான சாளரங்கள் தத்தம் இடத்துக்கே போய்விடும். மின்தடையால் அவதிப்படுபவர்கள் வேறு எதையும் நிறுவுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

விசைகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் விசையையும் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்து இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் சாளரம் அடுத்த திரைக்குத் தாவும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்தில் தொலைந்துபோன சாளரத்தை மீட்பதற்கும் இதுவே எளிய வழி. விண்டோஸ் விசையோடு இசட்டை அழுத்தினால் திரையைப் பங்கிடும் அமைப்புகள் விரியும். டாஸ்க்பாரை எல்லாத் திரைகளிலும் காட்டுவதா, ஒரு நிரலின் பொத்தான் அது திறந்திருக்கும் திரையில் மட்டும் தெரிய வேண்டுமா என்பதை டாஸ்க்பார் அமைப்புகளிலேயே முடிவுசெய்துகொள்ளலாம். விண்டோஸ் 11 வந்த புதிதில் இரண்டாம் திரையில் கடிகாரம் காட்டாமல் படுத்தியது. 2022-இன் தொடக்கத்தில் வந்த புதுப்பிப்பில் அந்தக் குறை நீங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இன்னும் அதிலேயே இருப்பவர்கள் திரை மென்பொருளுக்குப் பணம் செலவிடுவதைவிட விண்டோஸ் 11-க்கு மாறுவதைப் பற்றி யோசிப்பதே முறை.

தொந்தரவுக்கு ஏற்ற மென்பொருள்

இவ்வளவு செய்த பிறகும் தாளில் எஞ்சியிருக்கும் வரிகளுக்குத்தான் மென்பொருள் தேவை.

பெரிய திரையை உங்கள் விருப்பப்படி கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்பது தேவையானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்ஸிசோன்ஸ் கருவியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிக் கட்ட அமைப்பை வரைந்து சேமித்து, சாளரத்தை இழுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் அது கட்டத்துக்குள் போய் அமர்ந்துகொள்ளும். எடைக் கணக்குக்கு அகலமான ஒரு கட்டமும், அதன் அருகில் கணிப்பானுக்கு ஒடுங்கிய ஒரு கட்டமும் நான் வைத்திருக்கிறேன். புதிதாகத் திறக்கும் சாளரம் கடைசியாக இருந்த கட்டத்துக்கே போகும்படியும் அமைக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நிர்வாகி உரிமையோடு திறந்த மென்பொருளை ஃபேன்ஸிசோன்ஸால் நகர்த்த முடியாது. பவர்டாய்ஸையும் அதே உரிமையோடு இயக்கினால்தான் நகரும். ஒரே கட்டத்தை இரண்டு மானிட்டர்களுக்கும் சேர்த்து நீட்ட விரும்பினால், இரண்டிலும் எழுத்துப் பெரிதாக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பவர்டாய்ஸின் நிறுவல் கோப்பு சில நூறு மெகாபைட் அளவுள்ளது. கோத்தகிரிக்கு வெளியே கைபேசி இணையத்தை நம்பியிருப்பவர்கள் இதை ஊருக்குள் வரும்போது இறக்கிக்கொள்வது உத்தமம்.

அதே தொகுப்பில் 2024-இல் சேர்ந்த வொர்க்ஸ்பேஸஸ் என்ற கருவி, கணினியே அணைந்து மீண்டும் தொடங்கும் இடங்களுக்குப் பயன்படுவது. எந்தெந்த நிரல்கள் எந்தெந்தத் திரையில் எங்கெங்கே திறந்திருக்கின்றன என்பதைப் பதிவுசெய்துகொண்டு, ஒரே சொடுக்கில் அத்தனையையும் அதே இடங்களில் திறந்து வைக்கும். காலையில் அலுவலகம் திறந்ததும் செய்யும் முதல் வேலையாக இது எனக்கு ஆகிவிட்டது.

விண்டோஸின் நினைவு போதவில்லை, திரை போய்வந்தால் இன்னும் சில சாளரங்கள் இடம் மாறுகின்றன என்றால், பெர்சிஸ்டென்ட் விண்டோஸ் என்ற திறமூல நிரலை (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) பாருங்கள். பின்னணியில் அமைதியாக இருந்து சாளரங்களின் இடங்களைக் குறித்துக்கொண்டே வரும் இது, மானிட்டர் திரும்பக் கிடைத்ததும் அவற்றை மீட்டு வைக்கும். விரும்பினால் அமைப்பை வட்டில் சேமித்து, மறுதொடக்கத்துக்குப் பின்னும் மீட்கலாம். தோற்றத்தில் ஒன்றுமில்லை, செய்வது ஒரே வேலைதான். மலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் தனி நிரல் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

வேலைக்கு ஏற்பத் திரைகளின் அமைப்பையே மாற்றுபவர்கள் வேறு வகையினர். காலையில் மூன்று திரைகள், மாலையில் பக்கம் வடிவமைக்க ஒரு திரையை நெட்டுவாக்கில் திருப்புவது, கூட்டத்தின்போது ஒன்றைப் புரொஜெக்டருக்கு விடுவது என்று இருந்தால், அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் கருவி தேவை. நிர்சாஃப்டின் மல்டிமானிட்டர்டூல் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான அளவில் இருந்துகொண்டு, நிறுவல்கூட இல்லாமல், தற்போதைய திரை அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கவும் மீட்கவும் உதவுகிறது. கட்டளை வரியிலிருந்தும் இதை இயக்கலாம் என்பதால், ஒவ்வோர் அமைப்புக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு சின்னத்தை வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ், பட்டன்களோடும் விதிகளோடும் வேண்டும் என்பவர்களுக்கு டிஸ்ப்ளேஃப்யூஷன் இருக்கிறது. இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. கட்டணப் பதிப்பை 30 நாள் சோதித்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட நிரல் திறந்தவுடன் அதைக் குறிப்பிட்ட திரைக்கு அனுப்பு என்பது போன்ற தூண்டுவிதிகளை எழுதும் வசதியே இதன் உண்மையான பலம். தரகர் அலுவலகம் போல ஒரே நேரத்தில் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இந்தச் செலவு நியாயமானது. இரண்டு திரைகளோடு ஹோம்ஸ்டே முன்பதிவுகளைக் கவனிக்கும் ஒருவருக்கு அது வீண் செலவு என்றே சொல்வேன்.

சிறு தொந்தரவுகளுக்குச் சிறு கருவிகள் போதும். மூடுபனி விலகிச் சட்டென்று வெயில் அடிக்கும் ஊரில், திரைகளின் ஒளியை அடிக்கடி கூட்டிக் குறைக்க நேரும். ட்விங்கிள் ட்ரே என்ற இலவசக் கருவி எல்லா மானிட்டர்களின் ஒளியையும் டாஸ்க்பாரிலிருந்தே மாற்றும். அதற்கு, கணினி மானிட்டரைக் கட்டுப்படுத்த இடம்கொடுக்கும் டிடிசி-சிஐ என்ற வசதி மானிட்டரின் மெனுவில் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். அளவும் கூர்மையும் வேறுபட்ட இரண்டு திரைகளுக்கிடையே மவுஸ் சுட்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், முதலில் விண்டோஸின் டிஸ்ப்ளே பக்கத்தில் திரைப் படங்களை இழுத்து உண்மையான உயரத்துக்கு ஒத்து வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டில்பிக்மவுஸ் என்ற திறமூல நிரல் உதவும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வேற்றுமொழி வழிகாட்டிகளில் காணக் கிடைக்காத சிக்கல் இது. என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் ஆல்ட் விசையோடு எண்களைச் சேர்த்து அழுத்தி விசைப்பலகையை மாற்றுபவை. விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகைகளுக்கு மாற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் பயன்படுகின்றன. திரை மென்பொருளில் ஷார்ட்கட்டுகளை அமைக்கும்போது இதே சேர்க்கைகளைக் கொடுத்துவிட்டால், தமிழுக்கு மாற நினைக்கும் ஒவ்வொரு முறையும் சாளரம் வேறு திரைக்கு ஓடும், அல்லது எழுத்து ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலைப் பொழுது போய்விடும், என்னுடையது போனது. எனவே நிறுவியவுடன் அதன் ஷார்ட்கட் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை எல்லாம் நீக்கிவிடுங்கள். ஷார்ட்கட்டை மாற்றவே விடாத மென்பொருளைத் தமிழ் எழுதுபவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எழுத்தின் தெளிவும் இதோடு சேர்ந்த விஷயம்தான். இருபத்து நான்கு அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகளும், இருபத்தேழு அங்குல 4கே திரையில் 163 புள்ளிகளும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலாவதை 100 விழுக்காட்டிலும் இரண்டாவதை 150 விழுக்காட்டிலும் வைக்க நேரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களோடு இயங்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதில்லை. பெரிதாக்கிய திரையில் ‘ணை’யின் சுழிகள் கலங்கிக் கூழாகத் தெரியும். அந்த நிரலின் சின்னத்தில் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி என்று போய், உயர் டிபிஐ அமைப்பை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். எந்தத் திரை மென்பொருளும் இதைத் தீர்த்துவைக்காது. தீர்ப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். புதிதாக மானிட்டர் வாங்குபவர்கள் இரண்டையும் ஒரே அளவில், ஒரே கூர்மையில் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நிறுவிய பின் செய்ய வேண்டிய சோதனை

தேர்ந்தெடுத்த நிரலை அலுவலக நேரத்தில் நிறுவாதீர்கள். இலவசமோ கட்டணமோ, தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ, திறமூலமானால் அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்தோ மட்டுமே இறக்க வேண்டும். பூட்டுடைத்த பதிப்பு என்று பென்டிரைவில் யாராவது தருவதை, விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும் கணினியில் ஏற்றுவது பெரும் பிழை.

நிறுவியதும் நிரல்களை வழக்கமான இடங்களில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மானிட்டரின் பிளக்கை மட்டும் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். பிறகு எல்லா மானிட்டர்களையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போடுங்கள். அடுத்து கணினியை உறங்கவைத்து எழுப்புங்கள். கடைசியாக மறுதொடக்கம் செய்யுங்கள். நான்கு நிலைகளிலும் எந்தெந்தச் சாளரம் எங்கே வந்தது என்று குறித்துக்கொண்டால், விளம்பரம் சொன்னதும் உண்மையும் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். முதல் இரண்டில் தவறும் மென்பொருள், வேறு என்ன வசதி வைத்திருந்தாலும், இங்கே பயன்படாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து அது எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள். 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் இது முக்கியம்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்களை ஒன்றாக ஓடவிடக் கூடாது. ஒன்று சாளரத்தை இடப்பக்கம் வைக்க, மற்றது வலப்பக்கம் இழுக்க, திரையில் சாளரம் துடிப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. விண்டோஸின் நினைவு வசதியையும் பெர்சிஸ்டென்ட் விண்டோஸையும் சேர்த்து வைத்து இடக்குழப்பம் வந்தால், விண்டோஸின் தேர்வுப்பெட்டியை நீக்கிவிட்டு மீண்டும் அதே நான்கு சோதனைகளைச் செய்யுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: சாளரங்களைப் பங்கிட்டு வைக்கும் வசதி 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் சேர்ந்துவிட்டது, பழைய பதிப்புகளுக்கு ரெக்டாங்கிள் என்ற இலவச நிரல் போதும். மென்பொருளைத் தேடுவதற்கு முன், உங்கள் மேக் மாதிரி எத்தனை வெளித்திரைகளைத் தாங்கும் என்று பார்த்துவிடுங்கள். எம்1 சில்லு உள்ள மேக்புக் ஏர் அதிகாரபூர்வமாக ஒன்றை மட்டுமே தாங்குகிறது. லினக்ஸில், சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 வழி இயங்குபவர்கள் ஆட்டோரேண்டர் நிரலில் ஒவ்வொரு திரை அமைப்புக்கும் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால், மானிட்டர் இணைந்ததும் அது தானாகவே பொருத்திக்கொள்ளும். திரைக்குத் திரை எழுத்தளவு மாற வேண்டியவர்களுக்கு, எக்ஸ்11-க்குப் பின் வந்த வேலண்ட் வழியே சிறந்தது.

எல்லாம் ஒத்துவந்த பிறகு, ஃபேன்ஸிசோன்ஸ் கட்டங்களை ஒருமுறை படம்பிடித்தும், மல்டிமானிட்டர்டூல் சேமித்த கோப்பைப் பிரதியெடுத்தும் கணக்குக் கோப்புகளின் பேக்கப்போடு வைத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒவ்வொன்றுக்குப் பின்னும் பிளக்கைப் பிடுங்கும் சோதனையை மட்டும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எங்கள் அலுவலகத்தில் அதை ஐப்பசி பிறப்பதற்கு முந்தைய வாரத்திலும் செய்துவிடுகிறோம்.